செஞ்சி முதல் கடல் வரை – 9: நெட்டப்பாக்கம் கொம்யூன்

சென்ற இதழில் 1761ஆம் ஆண்டோடு நிறுத்தியிருந்தோம். வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுப் படை ஒன்றரை ஆண்டுக்குள் எல்லாவற்றையும் இழந்தது. திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் விழுந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. தென்னார்க்காட்டில் பிரெஞ்சுக்காரர் கதை இத்தோடு முடிந்தது என்றே அன்று பலரும் நினைத்திருப்பார்கள். முடியவில்லை. இன்னும் இருநூறு ஆண்டுகள், விழுப்புரத்துக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த வயல்வெளிகளில் அது தொடர்ந்தது. அந்தத் தொடர்ச்சியை ஒரே ஒரு கொம்யூனை, அதாவது பிரெஞ்சு முறை உள்ளாட்சியை, வைத்து இந்த வாரம் பார்ப்போம். அதன் பெயர் நெட்டப்பாக்கம்.

புதுச்சேரி வரலாறு என்றாலே கடற்கரைச் சாலையும் வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. ஆனால் 1901ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் நீங்கலாகப் புதுச்சேரிப் பகுதியின் மக்கள்தொகை 1,74,456. இதில் நகரத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 27 ஆயிரம் பேர்தான். ஆறில் ஐந்து பங்குக்கு மேற்பட்டவர்கள் ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் மணிலாவும் பயிரிட்ட கிராமத்து மக்கள். பிரெஞ்சிந்தியாவின் பெரும்பகுதி நாட்டுப்புறமாகவே இருந்தது. அதன் தலையெழுத்தைக் கடைசியில் மாற்றி எழுதியதும் நாட்டுப்புறமே.

சிதறிய நிலம்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே புறப்பட்டால் வளவனூர், சிறுவந்தாடு வரை தமிழ்நாடு. சிறுவந்தாட்டைத் தாண்டியதும் மடுகரை, புதுச்சேரி மாநிலம். அங்கிருந்து நெட்டப்பாக்கம், பண்டசோழநல்லூர், கரியமாணிக்கம், ஏம்பலம் என்று ஊர்கள் வரும்; இடையிடையே மறுபடியும் தமிழ்நாட்டு எல்லை குறுக்கிடும். புதியவர்களுக்கு இது புரியாத புதிர். ஒரே வயல்வெளி, ஒரே பேச்சு, ஒரே உறவுமுறை. மாநிலம் மட்டும் மாறி மாறி வரும்.

இந்தச் சிதறலுக்குக் காரணம், பிரெஞ்சுக்காரர் இங்கே நாடு பிடித்த விதம். 1749இல் ஆம்பூர்ப் போரில், ஆர்க்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்கு அவர்கள் கைகொடுத்தார்கள். அதற்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன. கிடைத்தது எல்லை வகுத்த நிலப்பரப்பு அல்ல. இன்னின்ன ஊரின் வரியை வசூலிக்கும் உரிமை. நவாபு காலத்துக் கணக்கில் ஓர் ஊர் ஒருவருக்கும் அடுத்த ஊர் இன்னொருவருக்கும் வரி செலுத்துவது வழக்கமான செய்தி. அந்த வரிக் கணக்கே பிற்பாடு இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் நாட்டு எல்லையாக இறுகிப்போனது.

1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை புதுச்சேரியைச் சுற்றிலும் வில்லியனூர், பாகூர் ஆகிய இரு வட்டாரங்கள் பிரெஞ்சுக்காரருக்கு உரியவை என்று உறுதிசெய்தது. 1793இல் ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்தார்கள். நெப்போலியன் வீழ்ந்தபின், 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி 1816 டிசம்பரில் எல்லாம் திரும்பக் கைமாறியது. கோட்டை கட்டக்கூடாது, ஒழுங்கு காக்கத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். உப்பு விற்கும் உரிமைக்கு ஈடாக ஆண்டுதோறும் நான்கு லட்சம் சிக்கா ரூபாய் தருவதாக 1815இலேயே ஆங்கிலேயர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். பல்லைப் பிடுங்கிய பிறகுதான் பாம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண் ஒரே நாடாக இயங்கியது. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. திருபுவனைக் கோயிலில் 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த வேதக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர்கள் படித்தார்கள். முதல் இரண்டு ஊர்களும் பிற்காலத்தில் பிரெஞ்சு எல்லைக்குள் போயின. மூன்றாவது ஆங்கிலேயரிடம் போயிற்று. சோழர் காலத்து ஆசிரியர் ஒருவர் திருபுவனையிலிருந்து எண்ணாயிரத்துக்குக் கிளம்பியிருந்தால் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கத் தேவையில்லை.

தண்ணீரும் இந்த எல்லைக்கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு ஆங்கிலேயர் எல்லையில், ஏரி பிரெஞ்சு எல்லையில். மதகைத் திறப்பது ஓர் அரசு, நாற்று நடுவது இன்னோர் அரசின் குடிகள். தலைமடைக்கும் கடைமடைக்கும் வழக்கமாக வருகிற தகராறு இங்கே இரண்டு நாட்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதிக்கொள்ளும் விவகாரமாக வளர்ந்தது. இன்றும் அந்த வாய்க்காலின் தண்ணீருக்காக இரு மாநில அதிகாரிகள் பேச்சு நடத்துகிறார்கள்.

கொம்யூன் பிறந்த கதை

பிரான்சில் 1789 புரட்சிக்குப் பிறகு, பெரிய நகரமானாலும் நூறு பேர் வாழும் மலைக்கிராமமானாலும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரே மாதிரியான உள்ளாட்சி வந்தது. அதுதான் கொம்யூன். பாரிசும் ஒரு கொம்யூன், தெற்கே புரோவான்சில் திராட்சை பயிரிடும் சிற்றூரும் ஒரு கொம்யூன். ஊருக்கொரு மன்றம், ஒரு மேயர், அவர் உட்கார ஓர் அலுவலகம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவதும் மேயரின் பொறுப்பு.

1880 மார்ச்சில் வெளியான ஆணை இந்த ஏற்பாட்டைப் பிரெஞ்சிந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மொத்தம் பத்து கொம்யூன்கள். அவற்றில் புதுச்சேரிப் பகுதியில் நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் இந்தப் பத்து பதினேழானது. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் ஆகியவை அப்போது புதிதாக உருவானவை. நம் கதையின் நாயகமான நெட்டப்பாக்கத்துக்கு ஓர் உள்ளாட்சியாக வயது தொடங்குவது அந்த ஆண்டில்தான். மடுகரை, ஏரிப்பாக்கம், கல்மண்டபம், சூரமங்கலம், வடுக்குப்பம் என அக்கம்பக்கத்து ஊர்கள் பலவும் அதன்கீழ் வந்தன.

எல்லைக்கு அப்பால், விழுப்புரம் தாலுகாவில் அன்று என்ன நிலை? அங்கே ஊரின் ஆட்சி என்றால் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும், மேலே தாசில்தாரும் கலெக்டரும். ஓட்டுரிமை சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும். 1952 பொதுத்தேர்தல் வரை விழுப்புரத்து ஏழை விவசாயி ஓட்டுச்சீட்டைத் தொட்டதில்லை. மடுகரைக்காரரின் பாட்டனாருக்கோ 1870களிலேயே ஓட்டு இருந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியா ஓர் உறுப்பினரை அனுப்பியது. அந்தத் தேர்தலில் இந்திய ஆண்களும் வாக்களித்தார்கள். பெண்களுக்கு அந்த உரிமை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

இந்த ஓட்டுரிமையைப் பொற்காலம் என்று கொண்டாட முடியாது. வெள்ளையருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல் என்று எண்ணிக்கையில் சிறியவர்களுக்குப் பெரிய பங்கு கொடுத்தார்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டங்களைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் மூன்றாவது வகையாயினர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனது இந்த வழியில்தான். சண்முக வேலாயுத முதலியார் இதை எதிர்த்து நின்றார். பிரெஞ்சிந்திய அரசியலையே பல ஆண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்தார். தேர்தல் நாளில் அடிதடியும் கள்ள ஓட்டும் சாதாரணம். ஆனாலும் ஒரு விதை விழுந்துவிட்டது: மேயர் என்பவர் ஊரார் தேர்ந்தெடுக்கும் ஆள், ஊருக்காகத் தீர்மானம் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. இந்த விதை எங்கே முளைத்தது என்று பிறகு பார்ப்போம்.

ஏடும் எண்ணிக்கையும்

கொம்யூன் அலுவலகத்தின் உயிர்நாடி பிறப்புப் பதிவேடு. ஒரு குழந்தை பிறந்தால் தகப்பனாரோ உறவினரோ மேயரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பிறந்த நாள், நேரம், குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், வயது, தொழில், ஊர் எல்லாம் பிரெஞ்சில் முழு வாக்கியங்களாக எழுதப்படும். சாட்சிகள் இருவர் கையெழுத்திடுவார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு, எழுதத் தெரியாது என்று எழுதிவைக்கப்பட்டவர்களும் உண்டு. கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் நிலச்சுவான்தார் வீட்டுக் குழந்தைக்கும் ஏட்டில் ஒரே அளவு இடம். சேரியில் பிறந்த குழந்தை ஒன்று, அரசாங்கத்தின் கண்ணில் தனிமனிதராக, பேரோடும் பிறந்த நேரத்தோடும் முதன்முதலாக நின்றது இந்த ஏட்டில்தான்.

ஏட்டில் பிறந்தவர்கள் பலர் ஊரில் இறக்கவில்லை. 1828 முதலே புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன் தீவுக்குக் கூலியாட்களைக் கப்பலேற்றினார்கள். 1853இல் மார்த்தினிக்கிற்கும், 1854இல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த மக்கள் இதற்குப் போதவில்லை. 1861இல் இங்கிலாந்தும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்க்க வழி திறந்தார்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னார்க்காட்டை வறுத்தெடுத்த ஆண்டுகளில், சோற்றுக்கு வழியில்லாதவர்களைத் தேடி ஆள்பிடிக்கும் கங்காணிகளுக்கு அலைய வேண்டிய அவசியம் இருந்திருக்காது. 1879 டிசம்பரில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. துறைமுகம் இன்னும் கிட்டத்தில் வந்தது. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு.

எல்லைக்கோடு அவர்களைக் கடலுக்கு அப்பாலும் துரத்தியது. பிரெஞ்சிந்தியாவில் இருந்த இந்தியருக்கு ஓட்டு இருந்த அதே காலத்தில், குவாதலூப்பில் பிறந்து வளர்ந்த தமிழரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமையே மறுக்கப்பட்டது. உங்கள் முன்னோர் பிரிட்டிஷ் குடிகள் என்றது நிர்வாகம். அதை எதிர்த்து ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் வெற்றி பெற்றது. ஒருவர் பிரெஞ்சுக் குடியா, ஆங்கிலேயர் குடியா என்பது நாலு வயல் தள்ளி எந்த ஊரில் பிறந்தார் என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்விக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டியும் மதிப்பு இருந்தது.

இன்னொரு வகைப் பயணமும் உண்டு. படையிலும் காவல்துறையிலும் அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்து சைகோனுக்கும் இந்தோசீனத்தின் பிற நகரங்களுக்கும் போனவர்கள். ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைச் 'சொல்தா' என்று ஊரில் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஆகவே, நெட்டப்பாக்கம் போன்ற ஒரு கொம்யூனின் மக்கள்தொகையை ஊருக்குள் எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. குவாதலூப்பின் கரும்புத் தோட்டத்தையும் சைகோன் காவல் நிலையத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நாட்டுப்புறம் முந்திக்கொண்டது

1947இல் விழுப்புரத்தில் மூவர்ணக்கொடி ஏறியது, மடுகரையில் ஏறவில்லை. அடுத்த ஏழாண்டுகள் எல்லை ஊர்கள் பட்ட பாடு அதிகம். 1941இலிருந்து இரு பகுதிகளுக்கும் பொதுவாக இருந்த சுங்க ஏற்பாடு 1949இல் முறிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பிரெஞ்சுத் தீவைச் சுற்றியும் இந்தியச் சுங்கக்காவல் நின்றது. நெட்டப்பாக்கத்துக்காரர் புதுச்சேரி கோர்ட்டுக்குப் போவதென்றால் நடுவில் இந்திய எல்லைக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். தானியம் கொண்டுபோனால் கேள்வி, துணி கொண்டுவந்தால் சோதனை. நகரத்துக்காரர் இந்தச் சுங்கவேலியைச் செய்தியாகப் படித்தார்கள். நாட்டுப்புறத்தார் அதை நாள்தோறும் கடந்தார்கள். பெண் கொடுத்த ஊர் வேறு நாடு, நிலம் இருக்கிற ஊர் வேறு நாடு என்ற நிலை யாருக்குத்தான் பொறுக்கும்?

1954 மார்ச் 18ஆம் தேதி புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன் மேயர்களும் அமைச்சர்களும் கூடி, வாக்கெடுப்பு வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1880இல் விழுந்த விதை என்று முன்னே சொன்னது இங்கேதான் முளைத்தது. பிரான்ஸ் தன் ஆட்சியை நிலைநிறுத்தக் கொண்டுவந்த மன்றங்கள், சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தங்கள் குரலால் பிரான்சை வெளியே போகச் சொல்லின. இவர்களுடைய தீர்மானத்தைக் கிளர்ச்சி என்று ஒதுக்கப் பாரிசால் முடியவில்லை. அவர்களுடைய சட்டமே அந்த மேயர்களுக்கு மகுடம் சூட்டியிருந்தது.

நகரத்தில் இன்னும் பிரெஞ்சுக் காவல் பலமாக இருந்தது. எனவே போராட்டம் நாட்டுப்புறத்துக்கு வந்தது. அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக அறியப்பட்டு, பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்த எதுவார் குபேர் அணி மாறினார். மடுகரையைச் சேர்ந்த வெங்கடசுப்பா ரெட்டியார் போன்ற நாட்டுப்புறத் தலைவர்கள் முன்னே நின்றார்கள். மார்ச் 31ஆம் தேதி நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. விடுதலை பெற்ற பகுதியின் தற்காலிக ஆட்சிக்கு அந்த ஊரே இருப்பிடம் ஆனது. சுற்றிலும் இந்தியப் பகுதி. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் வரவேண்டுமானால் இந்திய எல்லையைக் கடந்தாக வேண்டும், கடக்க முடியாது. இருநூறாண்டு மக்களை அலைக்கழித்த அந்தச் சிதறல், கடைசியில் மக்களுக்கே அரணாயிற்று.

அந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் கூடி வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16ஆம் தேதி கொடியேற்றுகிறார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல் நிறைவேறிய நாள் அது.

ஆறு மாதத் தவணை

அந்த நாளிலிருந்து பழைய பிறப்பேடு மறுபடியும் விலைமதிப்பு பெற்றது. 1956ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, இந்தப் பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1961 கணக்குப்படி புதுச்சேரி மாநிலத்தின் மக்கள்தொகை 3,69,079. எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். கிராமத்தில் இருந்த பெரும்பாலோருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பது சரியாக விளங்கியிருக்கவே வாய்ப்பில்லை. விளங்கியவர்களில் பலர் ஓய்வூதியக்காரர், படையில் இருந்தவர், நகரத்தில் படித்தவர். ஒரே கொம்யூனில் ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவருடைய பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகரில் வாழ்கிறார்கள். மற்றவருடைய பேரப்பிள்ளைகள் விழுப்புரத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். இரண்டிலும் தாழ்வில்லை. ஆனால் அந்தத் தேர்வு எல்லோருக்கும் ஒரே அளவில் எட்டவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

இணைப்புக்குப் பின் நெட்டப்பாக்கம் அரசியலில் ஒதுங்கிப் போகவில்லை. வெங்கடசுப்பா ரெட்டியார் புதுச்சேரியின் முதலமைச்சரானார். பின்னாளில் அவர் மகன் வைத்திலிங்கமும் நெட்டப்பாக்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரானார். 1901இல் 1,74,456 பேர் வாழ்ந்த புதுச்சேரிப் பகுதியில் 2011இல் 9,50,289 பேர். நகரம் உழவர்கரையையும் வில்லியனூரையும் தாண்டி மேற்கே பரவுகிறது. பழைய விகிதம் தலைகீழாகி, நாட்டுப்புறம் இன்று சிறுபான்மை.

ஆனால் கொம்யூன் என்ன ஆயிற்று? 1880ஆம் ஆண்டு ஆணைப்படியே 1973 வரை நடந்தது. 1974 ஜனவரி 26 முதல் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தாயிற்று. இந்தியாவில் வேறெங்கும் இல்லாத அந்தப் பெயர் பலகையில் இருக்கிறது, உயிர்தான் இல்லை. 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் ஆயின. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் தேர்தல் இல்லை, அதிகாரிகளே ஆள்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு கொடுக்கலாம். கேள்வி கேட்க ஊரார் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் சிறுவந்தாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தல் பல முறை நடந்துவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஓட்டுரிமையில் மடுகரை முந்தியிருந்தது, சிறுவந்தாடு பின்தங்கியிருந்தது. இன்று நிலைமை நேர்மாறு.

அந்நிய ஆட்சி கொடுத்த மன்றத்தைக் கொண்டே அந்நிய ஆட்சியை அனுப்பிவைத்த ஊர்கள் இவை. தங்கள் ஊரை ஆளத் தங்களுக்குத் தெரியும் என்று 1954இல் உலகுக்கே மெய்ப்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஒரு கொம்யூன் தேர்தலைக்கூட ஒழுங்காக நடத்திக் கொடுக்காதது பெரிய அநீதி. நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றிய நாளைக் கொண்டாடுவது நல்லதுதான். அந்தக் கொடியை ஏற்றும் துணிவைத் தந்த உள்ளாட்சியைத் திருப்பித் தருவதே அதற்கு உரிய மரியாதை.

(அடுத்த இதழில்: விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை, எல்லையில் நின்ற வண்டிகள்)